பென்டிரைவில் ‘சேவ்’ செய்த ஃபைல் எங்கே போகிறது?

கல்லூரிகளில் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதம் வந்துவிட்டால், வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் இந்தக் காட்சி தவறாமல் நடக்கும். மாணவி ஒருவர் பென்டிரைவை நீட்டி, “அண்ணா, இதுல ‘ஃபைனல்’னு ஒரு ஃபைல் இருக்கும், மூணு காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுடுங்க” என்பார். கடைக்காரர் செருகிப் பார்ப்பார். ஃபைல் இருக்கும், திறக்காது. அல்லது திறக்கும், போன வாரம் எழுதிய பக்கத்தோடு நின்றிருக்கும்.

“நேத்து நைட்டு மூணு தடவை சேவ் பண்ணேண்ணா!”

“எஜெக்ட் பண்ணாம புடுங்கியிருப்பம்மா.”

அத்தோடு விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிடும். குற்றவாளி மாணவி. அவரும் அதை நம்பிவிடுவார். ஆனால், இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. அவசரப்பட்டுப் பிடுங்கியது தவறு என்றே வைத்துக்கொள்வோம். பிடுங்கினால் ஆபத்து என்று தெரிந்தும், அதை அவரிடம் சொல்லாத மென்பொருளுக்கு இதில் பங்கே இல்லையா?

வேர்டு எப்படிச் சேமிக்கிறது?

நோட்டில் எழுதுவதைப் போல, கடைசியாக அடித்த வரியை மட்டும் பழைய ஃபைலின் வாலில் ஒட்டிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ‘சேவ்’ கொடுத்ததும் மைக்ரோசாஃப்ட் வேர்டு முழு ஆவணத்தையும் முதலிலிருந்து புதிதாக எழுதுகிறது. அதுவும் பழைய ஃபைலின் மேல் அல்ல. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி அதில் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகு பழையதை ஒதுக்கிவிட்டு, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் வந்துபோகும் இந்த ஃபைல்களின் பெயர் அலைக்குறியில் தொடங்கும். எப்போதாவது அவை அழியாமல் தங்கிவிடும்போதுதான் ‘இது என்ன வைரஸா?’ என்று ஆட்கள் பயப்படுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் பழைய பிரதி பிழைத்திருக்கும். ஆனால், கம்ப்யூட்டருக்குள்ளேயே திருகி வைத்த ஹார்டு டிஸ்க்குக்குப் பொருந்துகிற ஏற்பாடு இது. அங்கே எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பென்டிரைவ் மெதுவானது. போதாக்குறைக்கு, யார் கை பட்டாலும் கழன்றுவரும் போர்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பது. பழையதை ஒதுக்கியாகிவிட்டது, புதியதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்கிற அந்த இடைவெளியில் தொடர்பு அறுந்தால், பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

‘டிஸ்க்கில் இடம் இல்லை’ என்ற புகாருக்கும் இதே விளக்கம்தான். படங்கள் நிறைந்த 40 எம்.பி. ஆவணம் பென்டிரைவில் இருக்கிறது, இன்னும் 30 எம்.பி. காலியாகவும் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு சேவ் கொடுத்தால் முடியாது என்கிறது. ஒரு எழுத்துக்கு எதற்கு அவ்வளவு இடம்? புதிய பிரதி முழுதாக எழுதி முடியும் வரை பழையதும் அங்கேயே இருக்க வேண்டும் என்பதால், இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும்.

பாதி எழுதிய ஃபைலில் பாதியாவது திறக்கக் கூடாதா என்று கேட்கலாம். ஆஃபீஸ் 2007-லிருந்து வழக்கத்துக்கு வந்த ‘டாக்எக்ஸ்’ ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து, படம், பக்க அமைப்பு என்று உள்ளே பல சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொட்டலத்தின் கடைசியில் இருக்கும். கடைசி எழுதப்படாமல் போனால் முன்னால் இருக்கும் நூறு பக்கமும் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பென்டிரைவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் பொதுவாக என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்கும். அது செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, பிறகுதான் செய்யும். நடுவில் தடை வந்தால் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பென்டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் இந்தக் குறிப்பேடு கிடையாது.

“இப்பல்லாம் எஜெக்ட் பண்ணத் தேவையில்ல சார், விண்டோஸே மாத்திட்டான்” என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய் இல்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, உடனே கழற்றத் தோதான அமைப்பையே மைக்ரோசாஃப்ட் இயல்பாக வைத்திருக்கிறது. எழுத வேண்டியதைக் கையிருப்பில் தேக்கிவைக்காமல் உடனுக்குடன் பென்டிரைவுக்கு அனுப்பும் முறை அது. ஆனால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அது காப்பாற்றாது. வேர்டில் ஆவணம் திறந்திருக்கும் வரை, அதற்கு அந்த பென்டிரைவில் இன்னும் வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒளித்துவைத்த டிக்

இந்தச் சிக்கல் மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாததல்ல. கழற்றக்கூடிய டிஸ்க்கில் இருக்கும் ஆவணத்தை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கே திறந்து வேலை செய்துவிட்டு, மூடிய பிறகு திரும்ப நகலெடுங்கள் என்று அந்நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியம், இந்த வேலையைத் தானே செய்யும் வசதியும் வேர்டுக்குள் இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், நீண்ட பட்டியலில் கீழே இறங்கினால் ‘சேவ்’ பகுதியில் ‘காப்பி ரிமோட்லி ஸ்டோர்டு ஃபைல்ஸ் ஆன்டு யுவர் கம்ப்யூட்டர்’ என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதை டிக் செய்தால், பென்டிரைவில் உள்ள ஆவணத்துக்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு நகலை வேர்டு வைத்துக்கொள்ளும். சேவ் கொடுக்கும்போது பென்டிரைவில் இருப்பதைப் புதுப்பிக்கும். பென்டிரைவ் காணாமல் போயிருந்தால் வேறு எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும்.

மாணவிக்கு வேண்டியது இதுதான். ஆனால், அது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிக் இல்லாமலேயே கிடக்கிறது. ‘ரிமோட்லி ஸ்டோர்டு’ என்ற பெயரைப் பார்த்து, கையில் இருக்கும் பென்டிரைவைத்தான் சொல்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்? பெயரில் கோட்டை விட்டதைப் போலவே பிழைச் செய்தியிலும் விட்டிருக்கிறார்கள். பென்டிரைவின் தொடர்பு அறுந்ததும் வேர்டு பல சமயம் காட்டுவது ‘நெட்வொர்க் அல்லது ஃபைல் அனுமதியில் பிழை’ என்ற செய்தியை. அதைப் படித்துவிட்டு வைஃபையை அணைத்துப் போட்டுப் பார்ப்பவர்களை என்ன குற்றம் சொல்வது!

மேல் மூலையில் இருக்கும் ‘ஆட்டோசேவ்’ பொத்தானும் இதே ரகம். ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் போன்ற இணையச் சேமிப்பில் வைத்த ஆவணத்துக்குத்தான் அது வேலை செய்யும், பென்டிரைவுக்கு இல்லை. இணையச் சேமிப்புக்கு வா என்று அழைக்க அத்தனை பெரிய இடத்தில் பொத்தான் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ‘இந்த ஆவணம் பென்டிரைவில் இருக்கிறது, மூடாமல் கழற்ற வேண்டாம்’ என்று ஒரு வரி காட்டுவது பெரிய வேலையாக இருக்க முடியாது.

நம் ஊர் கம்ப்யூட்டர் வகுப்புகளுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. போல்டு, இட்டாலிக், மெயில் மெர்ஜ் என்று வாரக்கணக்கில் நடத்துகிறவர்கள், ‘கன்ட்ரோல் எஸ் அமுக்கு’ என்ற ஒரே வரியில் சேமிப்பதை முடித்துவிடுகிறார்கள். எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்று பார்க்கும் பழக்கம் வருவதே இல்லை.

பென்டிரைவே பழுதாகவும் இருக்கலாம். ‘ரைட் புரொடெக்டட்’ என்று வந்தால், முதலில் பக்கவாட்டில் பூட்டுப் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப் தேய்ந்துபோய், கன்ட்ரோலர் தன்னைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஃபார்மேட் செய்ய முயல்வதெல்லாம் வீண், உள்ளதை நகலெடுத்துக்கொண்டு தூக்கிப்போட வேண்டியதுதான். மலிவு விலையில் வாங்கியதில் கொள்ளளவே பொய்யாக இருக்கும். 8 ஜி.பி. சிப்பை வைத்துவிட்டு 128 என்று காட்டும். உண்மையான அளவைத் தாண்டியதும் புதிய ஃபைலின் பெயர் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவசக் கருவிகளால் இதை வாங்கிய அன்றே சோதித்துவிடலாம்.

போன ஃபைலை மீட்க முடியுமா?

பல சமயம் முடியும், ஆனால் முதல் பத்து நிமிடத்தில் செய்வதைப் பொறுத்தது. அந்த பென்டிரைவில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. ‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூட வேண்டும். மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அமைத்தால், அலைக்குறியில் தொடங்கி ‘டிஎம்பி’ என்று முடியும் ஃபைல்கள் தெரியலாம். அவற்றில் பெரியதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, பெயரின் முடிவை ‘டாக்எக்ஸ்’ என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். எழுதிய கம்ப்யூட்டரிலும் தேட வேண்டும். வேர்டு இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ‘ஆட்டோரெக்கவர்’ பிரதி பென்டிரைவில் அல்ல, அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். கடைசியாக, அழிந்த ஃபைல்களைத் தேடும் ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மீட்டதை அதே பென்டிரைவில் சேமிக்காமல் இருந்தால் சரி.

அனுபவப்பட்ட கடைக்காரர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பென்டிரைவில் இருந்து நேராக எதையும் திறக்க மாட்டார்கள். முதலில் இழுத்து டெஸ்க்டாப்பில் போடுவார்கள், அங்கே திறந்து, வாடிக்கையாளர் சொல்லும் திருத்தத்தைச் செய்து, பிரின்ட் கொடுத்து, மூடிவிட்டுத் திரும்பப் பென்டிரைவில் ஒட்டுவார்கள். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் சொல்லும் அதே வழி. அதனால்தான் அந்த டெஸ்க்டாப் முழுக்க ஊரார் புராஜெக்ட்டும் பயோடேட்டாவும் ஆதார் நகலும் குவிந்து கிடக்கின்றன. கிளம்பும் முன், “அண்ணா, என் ஃபைலை டெலீட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.