திரிதானே என்று விட்டுவிடலாமா?

நம் கடைகளில் மிகவும் அலட்சியமாகக் கொள்முதல் செய்யப்படும் சரக்கு எது என்று என்னைக் கேட்டால், விளக்குத் திரி என்றுதான் சொல்வேன். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயின் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். எண்ணெயை முகர்ந்து பார்க்கிறோம். திரிக்கு மட்டும் ‘ஐம்பது டஜன் போட்டு அனுப்புங்கள்’ என்று போனில் சொல்வதோடு சரி. சில்லறைக் காசுச் சரக்குதானே என்ற நினைப்பு. ஆனால் அது எரிகிற சரக்கு. பூஜை அறையில், துணித் திரைக்கும் மர அலமாரிக்கும் நடுவில், வீட்டார் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் தனியாக எரிகிற சரக்கு.

பஞ்சும் நூலும் திரியும் மொத்தமாக விற்று வருபவன் என்ற முறையில் சில விஷயங்களை நமது உறுப்பினர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முன்பெல்லாம் திரிக்கு வரும் பஞ்சு, மில்லில் சீவும்போது ஒதுங்கும் குட்டை இழைப் பஞ்சு. கழிவு என்று பெயர் இருந்தாலும் அது சுத்தமான பருத்தி. இப்போது பாலியஸ்டர் கலந்த நூலின் கழிவும் அதே சாக்கில் வந்து சேர்கிறது. பருத்தி விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கலப்பும் ஏறும். 2022-ஆம் ஆண்டில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சமயத்தில் திரிப் பொட்டலத்தின் விலை மட்டும் ஏறாமல் நின்றது எப்படி என்று எத்தனை பேர் கேட்டோம்?

திரியின் வேலை எரிவது அல்ல; எண்ணெயை மேலே ஏற்றித் தருவது. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியாக எண்ணெய் தானாக ஏறுகிறது. அங்கே எரிவது எண்ணெய்தான். எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை பஞ்சு மெதுவாகத்தான் கருகும். பருத்தி உருகாது. பாலியஸ்டரோ ஏறக்குறைய 250 முதல் 260 டிகிரி சூட்டில் உருகிவிடும். விளக்கின் சுடருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உருகியது நுனியில் கறுப்பு மொட்டாகக் கட்டிக்கொண்டு சந்துகளை அடைத்துவிடும். சுடர் மங்கும், கரி படியும். வீட்டு அம்மாள் திரியைத் தூண்டித் தூண்டிப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கடைக்காரரைத் திட்டுவார். சில வேளை அந்த மொட்டு எரிந்தபடியே சொட்டுவதும் உண்டு. அதுதான் ஆபத்து.

கலப்பைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பொட்டலத்தில் நாலைந்து திரியை எடுத்து, எண்ணெய் தொடாமல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாக உதிரும். பாலியஸ்டர் இருந்தால் சுருங்கும், கரும்புகை வரும், ஆறியபின் கையில் கெட்டியான மணி தட்டுப்படும். ரேயான் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் அதுவும் பருத்தி போலவே எரியும். அதற்கு நூலைத் தண்ணீரில் நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த பருத்தி இன்னும் உறுதியாகும். நனைந்த ரேயான் பொட்டென்று அறும். ரேயானால் விளக்குக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றாலும், பஞ்சு விலை கொடுத்து அதை வாங்குவானேன்?

வெள்ளை வெளேர் என்று இருந்தால் உயர்ந்த சரக்கு என்ற எண்ணமும் தவறானது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அது தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை ஏற்கும். காயத்துக்கு வைக்கும் பஞ்சில் காரம் போட்டு வேகவைத்து அந்த மெழுகை எடுத்துவிடுவார்கள், அது தண்ணீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக. விளக்கெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அந்த வெளுப்பு தேவையே இல்லை. திருவண்ணாமலை மகாதீபக் கொப்பரைக்குத் திரியாகப் போவது ஆயிரம் மீட்டர் அளவில் காடாத் துணி. வெளுக்காத துணி அது.

முறுக்கையும் பார்க்க வேண்டும். விளக்கெண்ணெய் கெட்டியானது, இறுக்கி முறுக்கிய திரியில் சரியாக ஏறாது, தளர்ந்த திரி வேண்டும். நல்லெண்ணெய்க்கு நடுத்தரம் போதும். எண்ணெயும் திரியும் ஒரே கடையில் விற்பவர்கள், எதற்கு எது என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டும் சேர்ந்து விற்கும். தாமரைத் தண்டுத் திரி, வெள்ளெருக்குத் திரி என்று வருகின்றனவே, அவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தாமரைத் தண்டைக் கீறி இழை எடுக்க எவ்வளவு கூலி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பொட்டலத்தின் விலையைப் பாருங்கள், போதும்.

இதனால் பாலியஸ்டர் என்றாலே மட்டம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவுக்குள் மையைத் தாங்கும் நார்த்தண்டு பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அங்கே சூடு கிடையாது. மை இழைக்குள் ஊறாமல் இழைகளுக்கு நடுவில் மட்டும் நிற்பதால், கேட்டபோது வெளியே விடும். தாங்கி நிற்கும் பொருள் வேறு, சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருள் வேறு. கொள்முதலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எலக்ட்ரானிக் சிகரெட் வந்த கதையும் இதுவே. சீனத்தில் 2003 வாக்கில் உருவான அந்தச் சாதனத்தின் ஆரம்பகாலக் குப்பிகளில், திரவத்தைத் தாங்க பாலியஸ்டர் நாரைத்தான் அடைத்தார்கள். திரவம் வற்றியதும் சுடுகம்பியை ஒட்டிய நார் கருகி நெடி அடித்தது. பிறகு கம்பியைத் தொடும் இடத்துக்குச் சிலிக்கா கயிறு வந்தது, அதன்பின் பஞ்சு, பீங்கான் என்று மாறியது. பஞ்சிலும் அங்கே மெழுகு நீக்கியதுதான் வேண்டும். ஏனென்றால் அந்தத் திரவம் எண்ணெய் அல்ல.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் குப்பிகளையும் உள்ளே வைக்கும் திரிகளையும் ‘ஃபேன்சி ஐட்டம்’ என்று சொல்லி நம் கடைகளில் தள்ளப் பார்க்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ‘முழு சாதனம்தான் தடை, உதிரிக்குத் தடை இல்லை’ என்று ஒருவர் என்னிடமே வாதம் செய்தார். அது பொய். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பொருளாகவோ அதன் எந்தப் பகுதியாகவோ விற்பதையும் தடுக்கிறது. முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம் உண்டு. ஏஜெண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கடையில் உட்கார்ந்திருப்பது நாம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து போகும் கடைக்கு இது வேண்டவே வேண்டாம்.

விளக்குத் திரி விஷயத்தில் நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. பொட்டலத்தின் மேல் பாக்கெட் போட்டவர் பெயர், விலாசம், அளவு, விலை எல்லாம் சட்டப்படி இருக்கின்றன. ‘100 சதம் பருத்தி’ அல்லது ‘கலப்பு’ என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சிடுபவர்களிடம் மட்டுமே கொள்முதல் செய்வது என்று நம் உறுப்பினர்கள் முடிவெடுக்கலாம். பில்லிலும் அந்த வரி இருக்க வேண்டும். அப்போதுதான் கலப்படம் தெரிந்தால் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியும். கலப்புத் திரியை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பருத்தி என்று சொல்லி விற்கக் கூடாது என்கிறேன். கிலோவுக்குச் சில ரூபாய் கூடும் என்று சில மொத்த வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள். பொட்டலத்துக்குப் பிரித்துப் பார்த்தால் அது காசுக் கணக்கில்தான் வரும்.

கார்த்திகைச் சரக்குக்கு ஆவணியிலேயே முன்பணம் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஆண்டு முன்பணத்துக்கு முன்னால் மாதிரிப் பொட்டலம் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே ஒரு அகலில், நீங்கள் விற்கும் அதே எண்ணெயை ஊற்றி, மாலையில் ஏற்றிக் கடை சாத்தும் வரை எரியவிட்டுப் பாருங்கள். நுனியில் மொட்டுக் கட்டினால் அந்தப் பார்ட்டிக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.