கூடாரம் அடிக்கும் முன் தொழுகையைத் திட்டமிடுவோம்



சென்ற பொங்கல் விடுமுறையில் இரண்டு கார்களில் குடும்பத்துடன் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். கீழக்கரை வரை செல்வது, இரவுகளில் கூடாரத்தில் தங்குவது என்பது ஏற்பாடு. கூடாரம், அடுப்பு, பாய், டார்ச், மருந்துப் பெட்டி என்று நீண்ட பட்டியல் எழுதினோம். அதில் தொழுகைக்கென்று ஒரு வரியும் இல்லை. வழியெல்லாம் பள்ளிவாசல்கள் இருக்கின்றனவே என்ற நினைப்பு.

முதல் நாள் அஸருக்கு ஒரு பள்ளிவாசலில் நிறுத்தினோம். ஆண்கள் இறங்கித் தொழுதோம். பெண்கள் உளூச் செய்யவோ தொழவோ அங்கே இடமில்லை. உம்மா காரிலேயே அமர்ந்திருந்தார்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். அடுத்த ஊர் வருவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. அன்றிரவு அஸரைக் களாவாகத் தொழுதுவிட்டு, "இத்தனை வயதில் இப்படியொரு வக்து போனதில்லை" என்று மட்டும் சொன்னார்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட வேண்டாம் என்று அதற்கு மேல் பேசவில்லை.

குற்றம் பயணத்தின் மீதல்ல. பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்தியுங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. குற்றம் நம் திட்டத்தின் மீது. மார்க்கம் பயணிக்குத் தந்த சலுகைகளை அறிந்திருந்தும் அவற்றை நாம் பயன்படுத்தவில்லை.

நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஃபஜ்ரிலும் மஃக்ரிபிலும் சுருக்கமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்திலும், மஃக்ரிபையும் இஷாவையும் ஒரே நேரத்திலும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. அன்று மதிய உணவுக்கு நிறுத்திய இடத்திலேயே இரண்டையும் சேர்த்துத் தொழுதிருந்தால் உம்மாவின் அஸர் தவறியிருக்காது. ஹனஃபி மத்ஹபினர் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழும்படி நிறுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். எந்த மத்ஹபாயினும் ஐயங்களைப் புறப்படும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

ஆகவே எங்கள் கருத்து இது: முதலில் தொழுகை நேரங்களைத் தாளில் எழுதுங்கள். அவற்றுக்கு ஏற்ப நிறுத்தங்களைக் குறியுங்கள். உணவும் எரிபொருளும் அந்த நிறுத்தங்களோடு சேரட்டும். பகலில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முயலாதீர்கள். அவசரத்தில் முதலில் பலியாவது தொழுகை, அடுத்தது உயிர்.

மூவர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அமீர் முடிவெடுக்கும் முன் மஷூரா செய்ய வேண்டும். அதில் பெண்களும் இருக்க வேண்டும். கழிவறை, உடை மாற்றும் மறைவு, குழந்தையின் உறக்கம் ஆகியவற்றை அவர்களே நன்கறிவார்கள். வீட்டிலும் சமையல், கடற்கரையிலும் சமையல் என்றால் அது அவர்களுக்குப் பயணமாகாது. ஒருவேளைச் சமையலையேனும் ஆண்கள் ஏற்க வேண்டும்.

கூடாரம் அடிக்கும் இடத்திலும் மார்க்கத்தின் ஒழுங்கு உண்டு. இரவில் பாதையின் மேல் தங்கக் கூடாது, அது விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் வழி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உறங்கும் முன் நெருப்பை அணைக்கச் சொன்னார்கள். நிழலையும் மக்கள் நடமாடும் வழியையும் அசுத்தப்படுத்துவதைத் தடுத்தார்கள். திறந்த கடற்கரை மீனவர்களின் வேலையிடம். விடியும் முன்பே அங்கே படகும் வலையும் இறங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. நம் விளக்கொளி அவற்றைத் திசைதிருப்பும். எனவே அலையோரத்தை விட்டு, உரிமையாளரின் அனுமதியோடு உறவினரின் தென்னந்தோப்பிலோ, முறையான தங்குமிடத்திலோ கூடாரம் அடிப்பதே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மழையும் மிகும் காலம். அப்போது இப்பயணமே வேண்டாம்.

தண்ணீர் குறைந்தால் கவலை வேண்டாம். கடல் நீர் தூய்மையாக்கக்கூடியது என்பது நபிமொழி. பூமி முழுவதும் தொழுமிடம் என்பதும் நபிமொழி. மறுநாள் காலை தோப்பு மணலில் பாய் விரித்து, கடலுக்கு முதுகு காட்டி மேற்கு நோக்கி நின்று, உம்மா முதல் கடைசிப் பேரன் வரை ஒரே ஜமாஅத்தாக ஃபஜ்ரு தொழுதோம். பிள்ளைகள் இன்றும் பேசுவது அந்தத் தொழுகையைத்தான்.

இந்தச் சாலையில் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை ஏராளம். பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என நம் முன்னோர் மரக்கலம் ஓட்டிய ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் திராவிடப் பாணிக் கல்தூண்களைக் காட்டலாம். 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவ மக்களுக்கு உணவளித்துத் துணை நின்றதைச் சொல்லலாம்.

அந்த விருந்தோம்பலை நினைவூட்டியே ஜமாஅத் பெரியோர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் பயணம் செய்யும் பெண்களுக்கென ஓர் அறை, ஒரு கழிவறை, ஒரு குழாய் ஒதுக்குங்கள். பெருஞ்செலவு ஆகாது. பிரயாணிக்கு உதவுவது நன்மை என்று மேடையில் சொல்லும் நாம், அந்தப் பிரயாணி நம் தாயாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாகவும், வணக்கங்கள் தவறாததாகவும் ஆக்குவானாக. ஆமீன்.