நீர்புகாக் கதவில் அலட்சியம் வேண்டாம்

2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. சரக்கறையில் தண்ணீர் புகுந்ததாகக் கடலோரக் காவல்படை அறிவித்தது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால் கண்டெய்னர்களிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடாவை நம்பி வாழும் சேதுக்கரை, திருப்புல்லாணி மக்களுக்கு இது எங்கோ நடந்த விபத்து அல்ல.

இப்படிக் கப்பலின் ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால், வெள்ளம் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பவை நீர்த்தடுப்புச் சுவர்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இத்தகைய சுவர்களால் பிரிக்கப்பட்ட 16 அறைகள் இருந்தன. ஆனால் சுவர்களுக்குப் போதிய உயரம் இல்லை. முன்னறைகள் நிரம்பிக் கப்பல் சாயச் சாய, தண்ணீர் சுவர் தாண்டி வழிந்தது.

நீர்த்தடுப்புச் சுவரில் திறக்கும் நீர்புகாக் கதவுதான் பலவீனமான இடம். பயணத்தின்போது அது மூடியே இருக்க வேண்டும் என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் உடன்படிக்கையின் பொது விதி. போக வர வசதி என்று திறந்து வைப்பது உயிரோடு விளையாடுவது. ஹைட்ராலிக் விசையில் நகரும் கதவு ஆளைக் கண்டு நிற்காது. பாதி திறந்ததும் நுழைந்து நசுங்கி இறந்த மாலுமிகள் உண்டு. முழுவதும் திறந்த பிறகு, இரு பக்கக் கைப்பிடிகளையும் திறந்த நிலையில் பிடித்தபடியே கடக்க வேண்டும். கையில் வாளியோ கருவிப்பெட்டியோ இருந்தால் அது நடக்காது.

காகிதத்தில் கையெழுத்தோடு முடியும் பயிற்சி போதாது. ஒவ்வொரு புதிய மாலுமியும் கதவை இயக்கிக் காட்டிய பின்பே பணியில் சேர்க்கப்படுவதைக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் உறுதிசெய்ய வேண்டும்.