பிளாஸ்டிக் சிப்பாய்களும் வன்னி மண்ணும்

சேகரிப்போருக்கும் வர்ணம் தீட்டுவோருக்குமெனப் புதுப்புது பிளாஸ்டிக் சிப்பாய்கள் மேலைநாட்டுச் சந்தைகளுக்கு வந்தவண்ணம் உள்ளன. பலவற்றின் உயரம் ஓர் அங்குலந்தான். சவர்க்கார நீரில் கழுவி, அடிப்பூச்சு இட்டு, மெல்லிய தூரிகையால் சீருடையின் பொத்தான் வரை தீட்டி முடிக்கப் பல மாலைப்பொழுதுகள் செல்லும். சிறுவர்களைவிட நரைத்த தலையினரே இதில் அதிகம் ஈடுபடுகின்றனர்.

இவ்விருப்பம் புதியதன்று. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் விளையாடுவதற்கு விதிகள் வகுத்து 1913 இல் ஒரு நூலே எழுதினார். சிறு போரை விளையாடிப் பார்த்தவனுக்குப் பெரும் போரின் மடமை விளங்கும் என்பது அவரது வாதம். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. அமெரிக்காவில் 1938 இல் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வார்க்கப்பட்டன. இரண்டாவது உலகப் போர் மறு ஆண்டு தொடங்கியது.

பொழுதுபோக்காளரைக் குறைகூறுவது எனது நோக்கமன்று. ஆனால் இந்த உருவங்களை வன்னி மண்ணில் நிறுத்திப் பார்க்கையில் மனம் வேறுவிதமாகக் கணக்கிடுகின்றது.

இங்கு சிப்பாய்கள் அங்குல அளவினர் அல்லர். புதுக்குடியிருப்பில் ஒரு கையில் துவக்கும் மறு கையில் கொடியுமாக உயர்ந்து நிற்கிறது வெற்றிச் சின்னம். ஆணையிறவில் 1991 ஆம் ஆண்டுச் சமரில் சிதைந்த கவச புல்டோசர் ஏ9 வீதியோரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்தோர் அவற்றின் முன்னின்று படம் எடுத்துச் சென்றனர். வென்றவனுக்குச் சேகரிப்புப் பொருளாவது, அவ்விடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்னவாகும்?

நமது பக்கத்துக் கணக்கையும் மறைத்தலாகாது. விளையாடும் வயதில் துவக்கு ஏந்தவைக்கப்பட்ட பிள்ளைகள் இம்மண்ணில் இருந்தனர். அவ்வாறு விடுவிக்கப்படும் சிறாருக்கென 2003 இல் கிளிநொச்சியில் யுனிசெப் ஆதரவுடன் ஓர் இடைத்தங்கல் நிலையமே திறக்க வேண்டியிருந்தது. பொம்மைக்கு உயிர் கொடுப்பது குழந்தையின் இயல்பு. குழந்தையைப் பொம்மையாக்கியது நமது காலம்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்த பின்னரும் பிளாஸ்டிக் இங்கு வேறு பொருள் தந்தது. மிதிவெடிகள் பலவற்றின் கூடு பிளாஸ்டிக்கினாலானது. உலோகம் சொற்பமாதலால் கருவிக்கும் எளிதில் அகப்படாது. நிலத்தில் கிடக்கும் அறியாத பொருளைத் தொடாதே என்பதே வன்னிப் பிள்ளைகள் பாடசாலையில் கற்ற பாடங்களுள் ஒன்று. ஏனைய நாட்டுப் பிள்ளை மணலில் பிளாஸ்டிக் சிப்பாயைக் கண்டால் ஓடிச்சென்று எடுக்கும். நமது பிள்ளை விலகி நின்று பெரியவரை அழைக்கவேண்டும்.

அமெரிக்காவில் 2019 இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பெண் சிப்பாய்கள் ஏன் இல்லை என்று தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதினாள். அதன் பயனாய் அவ்வுருவங்களும் வெளிவந்தன. கேள்வி நியாயமானதே. வன்னிச் சிறுமி ஒருத்தி எழுதுவாளாயின் வேறோர் உருவத்தைக் கேட்கட்டும் என்பேன்: முகக்கவசம் அணிந்து, முகமாலை மணலில் முழந்தாளிட்டு, சிறு வாரியால் அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறி மிதிவெடி தேடும் பெண். குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் அப்பணியில் ஈடுபட்டு, வயல்களையும் வளவுகளையும் மீட்டுத் தந்துள்ளனர்.

அந்த உருவத்தை எவரேனும் வார்ப்பார்களாயின், இந்த வயதிலும் தூரிகை எடுக்க நான் ஆயத்தம்.