மூடப்படாத பணப்பைகள்

2016-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, நாடெங்கும் சில்லறைக்குப் பெரும் பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் செல்போன் பணப்பை, அதாவது ‘வாலட்’ என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, நம் நாட்டில் வீடுதோறும் நுழைந்தது. டீக்கடைக்காரரும் காய்கறி விற்பவரும்கூட அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். போன் நம்பரைக் கொடுத்து, வந்த ரகசிய எண்ணைத் திருப்பித் தட்டினால் கணக்குத் தயார். ஒருவரே மூன்று, நான்கு கம்பெனிகளில் கணக்குத் திறந்ததும் உண்டு.

பின்னர் யு.பி.ஐ. முறை பரவியது. பாங்குக் கணக்கிலிருந்தே பணம் நேராகப் போய்ச் சேரும்போது, முன்கூட்டி எடுத்து வேறொரு பையில் போட்டு வைப்பானேன்? பழைய பணப்பைகளை ஜனங்கள் கைவிட்டார்கள். ஆனால் மூடவில்லை.

அழித்துவிட்டால் தீர்ந்ததா?

செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் கணக்கும் ஒழிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பாஸ் புத்தகத்தைக் கிழித்தெறிந்தால் பாங்குக் கணக்கு தீர்ந்துவிடுமா? கணக்கு இருப்பது கம்பெனியின் ஏட்டில். பெயர், போன் நம்பர், கொடுத்திருந்தால் அடையாளப் பத்திரங்களின் விவரம், மிச்சப் பணம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது.

ரிசர்வ் பாங்கு 2021 ஆகஸ்டு 27-ந் தேதி வெளியிட்ட உத்தரவில், பணப்பையை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும் வசதியை வாடிக்கைக்காரருக்குத் தரவேண்டும் என்று கண்டிருக்கிறது. அதாவது, மூடுவது கம்பெனி காட்டும் சலுகை அல்ல, வாடிக்கைக்காரரின் உரிமை. குறைந்த விவரங்களுடன் திறந்த கணக்கில் பாக்கி ரூ.10,000-க்கு மேல் இருக்கக்கூடாது. அடையாளம் முழுவதும் சரிபார்க்கப்பட்ட கணக்கில் ரூ.2 லட்சம் வரை வைத்துக்கொள்ளலாம்.

சங்கடம் வருவது சிறு கணக்கில்தான். அதை மூடும்போது மிச்சப் பணம் எந்த வழியாக உள்ளே வந்ததோ அந்த வழியாகவே திரும்பிப் போகலாம். அந்த வழி அடைபட்டிருந்தால், அடையாளப் பரிசோதனையை முடித்த பிறகே வேறு பாங்குக் கணக்குக்கு மாற்ற முடியும். ஆக, எண்பது ரூபாயைத் திரும்பப் பெறுவதற்கு, திறக்கும்போது கொடுக்காத தஸ்தாவேஜுகளை மூடும்போது கொடுக்கவேண்டியிருக்கிறது! பணமோசடியைத் தடுக்க இந்த விதி தேவை என்பதில் ஆட்சேபம் இல்லை. எண்பது ரூபாய்க்காரர் அலுத்துப்போய் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார் என்பதும் மறுக்க முடியாதது.

ஒரு வருஷம் தொடர்ந்து பணம் போடாமலும் எடுக்காமலும் கிடந்தால், நோட்டீஸ் அனுப்பிவிட்டு அந்தக் கணக்கைச் செயலற்றதாக்க வேண்டும் என்பது விதி. காலாவதியான பிறகும் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் அந்தப் பணத்தைக் கம்பெனி தன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

நம்பர் கைமாறினால்

பணத்தைவிடப் பெரிய விஷயம் போன் நம்பர். பணப்பைக்கு அதுதான் பூட்டு, அதுதான் சாவி. ஒருவர் விட்டுவிட்ட நம்பர் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்புறம் பழைய பணப்பைக்கான ரகசிய எண் யாருடைய போனுக்குப் போகும்? முன்பின் தெரியாத ஒருவருடைய போனுக்கு. பழையவர் தம் கணக்கையே தாம் திறக்க முடியாமல் நிற்பார். புதியவரோ தம் நம்பரில் ஏற்கெனவே யாரோ கணக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் திகைப்பார். ஊர் மாறுகிறவர்களும் வெளிநாடு போகிறவர்களும் சிம் கார்டை விடுமுன் பணப்பையை மூடிவிடுவதே புத்திசாலித்தனம்.

வாடிக்கைக்காரர் மூடாவிட்டால், ஸ்தாபனமே மூடிக்கொள்வதும் உண்டு. வோடபோன் எம்-பெசா தன் அனுமதியைத் தானாகவே திருப்பிக் கொடுத்தது. பாக்கி உள்ளவர்கள் 2022 செப்டம்பர் 30-க்குள் கேட்டுப் பெறலாம் என்று ரிசர்வ் பாங்கு தெரிவித்தது. பணப்பையை மறந்தவர் இந்தத் தேதியை எங்கே கவனித்திருக்கப் போகிறார்? பேடிஎம் பேமென்ட்ஸ் பாங்கு விஷயம் எல்லோரும் அறிந்தது. விதிகளைத் தொடர்ந்து மீறியதாக 2024 ஜனவரி 31-ந் தேதி அதன்மீது உத்தரவு பிறந்தது. முதலில் பிப்ரவரி 29, பிறகு மார்ச் 15 என்று கெடு நீட்டப்பட்டு, அதன் பின் பணப்பையில் புதிதாகப் பணம் போடக்கூடாது என்று தடை வந்தது. உள்ளே இருந்த பணத்தைச் செலவழிக்கவோ எடுக்கவோ தடை இல்லை. அப்படியிருந்தும், பணமே போய்விட்டதென்று கலங்கியவர்கள் பலர்.

எப்படி மூடுவது?

முதலில் பாக்கியைச் செலவழித்தோ பாங்குக்கு மாற்றியோ தீர்த்துவிட வேண்டும். மாதாமாதம் தானாகப் போகும் கட்டணங்களையும், சுங்கச் சாவடிக்கான பாஸ்டேக் இணைப்பு இருந்தால் அதையும் நீக்கவேண்டும். வரவு செலவு விவரத்தின் நகல் எடுத்துக்கொள்வது நல்லது. கணக்கு மூடிய பிறகு அதைப் பார்க்க வழியிராது. அதன் பிறகு ‘உதவி’ பகுதியில் தேடிப்பிடித்து மூடும்படி கேட்கவேண்டும். தேடிப்பிடித்து என்று சொல்லக் காரணம் உண்டு. திறக்கும் பொத்தான் முகப்பில் பளிச்சென்று இருக்கும். மூடும் பொத்தான் நாலு கட்டு வீட்டின் பின்கட்டில் ஒளிந்திருக்கும். சந்தாவை ரத்து செய்யவிடாமல் சிக்கவைப்பது முதலான 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி தடை செய்தது. அதே கண்டிப்பைப் பணப்பைகளிடமும் காட்டினால் என்ன?

மூடியதற்கு எழுத்து மூலமான உறுதியைக் கேட்டுப் பெறவேண்டும். புகார் செய்து 30 நாட்களில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியாக இல்லையென்றால், ரிசர்வ் பாங்கின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

நிரந்தரமாக மூடிய பிறகும் சுவடே இராது என்று எண்ணிவிடக் கூடாது. 2002-ம் வருஷத்துப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, கணக்கு முடிந்தபின் ஐந்து வருஷங்களுக்கு அடையாளப் பத்திரங்களைப் பாதுகாக்கவேண்டும். தம் விவரங்களை அழிக்கும்படி கேட்கும் உரிமையை 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. ஆனால் வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் விவரங்களுக்கு அது செல்லாது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிரதான ஷரத்துகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது.

யு.பி.ஐ. லைட் என்பதிலும் ஒரு சிறு தொகையை முன்கூட்டிப் போட்டு வைப்பதுதான் ஏற்பாடு. போனை மாற்றுமுன் அதை நிறுத்திவிட்டால், மிச்சப் பணம் பாங்குக் கணக்குக்கே திரும்பிவிடும்.