நரியைப் பரியாக்கும் வேலை நமக்கு வேண்டாம்

நம் தோழர்களில் சிலர் கொஞ்ச நாளாக ஒரு வாதத்தைச் சொல்லித் திரிகிறார்கள். ‘இணையத்துல நம்ம தளத்த எவனும் பாக்குறதில்ல. தேடுனா பத்தாவது பக்கத்துல கெடக்கு. காசு குடுத்தா மொதப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்த ஆள் இருக்கு. எதிரி அதத்தான் செய்யுறான். நமக்கு மட்டும் என்னா யோக்கிய வேசம்?’ கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. நான் இதை மறுக்கிறேன். ஒழுக்க போதனை செய்வது என் வேலை இல்லை. ஒழுக்கம் என்ற சொல்லை நம் முதுகில் அடிப்பதற்கென்றே வைத்திருந்தவர்களிடம் அதை விட்டுவிடலாம். அரசியல் காரணத்துக்காக மறுக்கிறேன்.

முதலில் இந்த ‘மேலே கொண்டுவரும்’ வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது கையில் வைத்திருந்த யோசனை எளிமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ண வேண்டும். ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. ஏற்கெனவே நிறைய ஓட்டு வாங்கியவன் போடும் ஓட்டு கனம். ஆளரவமற்ற சின்னத் தளத்தின் ஓட்டு லேசு. ஊர்க்கூட்டத்தில் பெரிய வீட்டுக்காரர் செருமினால் அது தீர்ப்பு, சேரிக்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் அது சத்தம் என்பது நமக்குத் தெரியாததா? இன்றைக்கு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. என்றாலும் இணைப்பை எண்ணுவது நிற்கவில்லை.

ஓட்டு வந்தால் கள்ள ஓட்டும் வரும். வந்தது. ஒருவனே நூறு தளங்களை உண்டாக்கி, ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுக்க வைத்து, எல்லாவற்றையும் தன் கடைப் பக்கம் திருப்பிவிடுவது இணைப்புப் பண்ணை. காசு கொடுத்து இணைப்பு வாங்குவது அடுத்தது. ‘மதுரை கடன்’, ‘மேலூர் கடன்’, ‘ஒத்தக்கடை கடன்’ என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே சரக்கை நூறு பக்கமாக அடுக்குவது வாசல் பக்கம். எந்த வாசலில் நுழைந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் சொற்களைத் திணித்து வைப்பது ஒரு வித்தை. மனுசக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறி அனுப்பும் எந்திரத்துக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலான வித்தை வேடம் கட்டுவது. சோதிக்க வரும் எந்திரத்துக்கு ஒரு பக்கம், நம்பி வரும் மனுசனுக்கு வேறொரு பக்கம்.

இந்தக் கடைசி வித்தையை விளக்க எனக்குக் கலிபோர்னியா தேவையில்லை. நான் இருப்பது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் ஊர். பாண்டியன் குதிரை வாங்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய கருவூலப் பணத்தை வாதவூரார் திருப்பெருந்துறையில் கோயில் வேலைக்குச் செலவழித்துவிட்டார். குதிரை எங்கே என்று ராசா கேட்டதும் சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி ஓட்டிவந்தார். பகலில் ராசா பார்த்தார். குதிரைதான். லாயத்தில் கட்டினார்கள். ராத்திரியானதும் அத்தனையும் நரியாகி ஊளையிட்டு, லாயத்தில் ஏற்கெனவே நின்ற நிசக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இதைத் ‘திருவிளையாடல்’ என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். நான் கேட்பது ரெண்டே கேள்வி. கருவூலத்தில் இருந்த பணம் யார் கட்டிய வரி? கடிபட்ட நிசக் குதிரைகளுக்கு யார் பதில் சொன்னார்கள்?

புராணத்தை விடுவோம். இதே மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிப் பக்கம், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் நடந்தது என்ன? 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியார் தேர்தலே நடக்கவிடவில்லை. நடந்தபோதும் தங்கள் கைக்கு அடங்கிய ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். தேர்தல் அதிகாரியின் காகிதத்தில் தலித் தலைவர் இருந்தார், ஊரில் நாற்காலி காலி. சோதிக்க வருகிறவனுக்கு ஒரு முகம், ஊருக்கு வேறு முகம். 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் தலைவர்கள் நிசமாகவே பொறுப்பில் உட்கார முடிந்தது. பத்து வருசம் தோழர்களே! வேடம் கட்டும் இந்த வித்தையால் நசுக்கப்பட்ட நாமா அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறோம்?

‘அது வேற, இது வேற. தேடல்ல மேல வந்தா யாருக்கு என்னா நட்டம்?’ என்று கேட்கிறவர்கள் ஒருநாள் நான் உட்காரும் கவுண்டருக்கு வந்து நிற்கலாம். நான் வங்கி எழுத்தன். கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் வந்தார். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. இது நடப்பதுதான், புகார் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். ஆனால் அவர் வீட்டில் பையன் போனை எடுத்து வங்கியின் பெயரோடு ‘வாடிக்கையாளர் சேவை’ என்று தட்டினான். மேலே வந்த நம்பருக்குப் பேசினார்கள். அந்த முனையில் இருந்தவன் ‘சொல்லுங்க சார்’ என்றிருக்கிறான். வங்கியின் பெயரைச் சொல்லி அவரைச் சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் ஒரு திருடன்! ஓர் ஆப்பை இறக்கச் சொன்னான், அது திரையை அவன் பக்கம் காட்டிக்கொடுத்தது. அப்புறம் ஓடிபி. கூலியில் மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ‘கூகுள்லதான சார் இருந்துச்சு’ என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. மேலே இருப்பது உண்மையாக இருக்கும் என்று நம்புகிற மனம் அது. மேலே இருப்பவன் சொல்வதே உண்மை என்று ரெண்டாயிரம் வருசமாக அடித்துப் பழக்கிய மனம். அந்த நம்பிக்கையைத்தான் இந்த வியாபாரம் விற்கிறது. தேடுபொறியில் போலி எண்களை ஏற்றி ஏமாற்றுவதை ஒரு தனி மோசடி வகையாகவே ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டில் எழுதியிருக்கிறது. வங்கிகள் தங்கள் தளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற தனி முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அது உத்தரவு போட்டதும் இந்தப் போலிகளால்தான். நம் சனங்களிடம் தோழர்கள் ரெண்டு விசயத்தைச் சொல்லுங்கள். வங்கி எண் வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கத்தையும் பாஸ்புத்தகத்தையும் பாருங்கள், தேடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிசமே 1930க்குப் பேசுங்கள்.

அரசாங்கத்தின் வாசலும் தப்பவில்லை. 2024 மே மாதம் டெக்கிரஞ்ச் என்ற செய்தித்தளம், இந்தியாவின் பல மாநில அரசுத் தளங்களைச் சேர்ந்த நாலு டஜன் இணைப்புகள் வரையில் ஆட்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டதைக் கண்டுபிடித்து எழுதியது. ஏன் அரசுத் தளம்? அதன் ஓட்டுக்குக் கனம் அதிகம். பொதுச்சொத்தின் கௌரவத்தைத் திருடி, அதன் தோளில் ஏறிச் சூதாட்டக்காரன் முதல் பக்கத்துக்குப் போகிறான். சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அரசுத் தளத்தைத் தேடிப் போகிறவர்கள் யார்? நம் பிள்ளைகள்தானே.

அடுத்து, ‘எதிரி செய்யுறான், நாமும் செய்வோம்’ என்பதற்கு வருகிறேன். 2006இல் பிஎம்டபிள்யூ கார் கம்பெனியின் ஜெர்மன் தளம் வாசல் பக்கங்கள் வைத்து மாட்டியது. கூகுள் அதைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது. தூக்கிய வேகத்தில் திரும்பவும் சேர்த்தது. 2011இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை, சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து வந்த இணைப்புகளின் பலத்தில் உடுப்பு, மெத்தை, கம்பளம் என்று எதைத் தேடினாலும் முதலில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் அதை எழுதியது, கூகுள் கீழே தள்ளியது. அந்தக் கம்பெனி பழியை வேலைக்கு வைத்திருந்த ஆட்கள்மீது போட்டுவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தது. பெரியவன் மாட்டினால் அபராதம், மன்னிப்பு, மறுவாழ்வு எல்லாம் உண்டு. நாலு பேர் சந்தா போட்டு நடத்தும் இயக்கத் தளம் மாட்டினால் யார் தூக்கிவிடுவான்? தண்டனையில்கூட சாதி உண்டு தோழரே.

2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளை இன்னும் இறுக்கியது. எந்திரத்தை வைத்து மொத்தமாகப் பக்கங்களை அவித்துக் கொட்டுவது, காலாவதியான முகவரியை வாங்கி அதன் பழைய பேரில் பிழைப்பது, நல்ல பெயருள்ள தளத்தில் வாடகைக்கு இடம்பிடித்து ஏமாற்றுவது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லித் தடுத்தது. இதைச் சொல்வதால் நான் கூகுளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். தராசைப் பிடித்திருக்கிறவனும் யோக்கியன் இல்லை. சென்னையிலிருந்து திருமணத் தளம் நடத்தும் ஒரு நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகாரில், தேடல் முடிவுகளில் தன் சரக்கைத் தானே முன்னே தள்ளியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. திருமணத் தளங்கள் சாதிக்கொரு வாசல் வைத்துக் கல்லா கட்டுவதும், அவற்றின் சண்டையை நாடே வேடிக்கை பார்ப்பதும் தனிக் கதை. தராசு கள்ளத்தராசு என்றால் அதைத் தெருவில் வைத்து அம்பலப்படுத்த வேண்டும். நாமும் அடியில் புளி ஒட்டி எடை காட்டினால் அம்பலப்படுத்தும் வாய் நமக்கு இருக்காது.

என் மறுப்பின் அடிப்படை இதுதான். நம் தளங்களில் இருப்பது வியாபாரச் சரக்கு அல்ல, சாட்சியம். 1997 சூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட 6 பேர் ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். திருவாதவூருக்கு மேலவளவு தூரமில்லை. இதே மேலூர் வட்டாரம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்தச் சாவுகளை ‘கூலித் தகராறு’, ‘முன்விரோதம்’ என்று எழுதிப் புதைக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். சாட்சிக்காரனிடம் ஒரு சின்னப் பொய் அகப்பட்டால் போதும், குறுக்கு விசாரணையில் அவன் சொன்ன உண்மை முழுவதும் செல்லாமல் போகும். மேலவளவுப் பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் நாம் ஒளித்து வைக்கும் பத்துச் சொல், எதிரி நம் கழுத்தில் மாட்டும் சுருக்கு. ‘இவனுக பித்தலாட்டக்காரனுக, எழுதுனதெல்லாம் புளுகு’ என்று சொல்ல அவனுக்கு அது ஒன்று போதும்.

சரி, அப்புறம் பத்தாவது பக்கத்திலேயே கிடப்பதா? வேண்டாம். நேர்வழியில் செய்யாமல் விட்ட வேலை மலைபோலக் கிடக்கிறது. நம் பழைய இதழ்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி வட்டுகளில் தூங்குகின்றன. தேடுபொறிக்கு அது தமிழே இல்லை, வெறும் கிறுக்கல். ஒருங்குறிக்கு மாற்றுங்கள். துண்டறிக்கையைப் படமாக எடுத்துப் போடுகிறோம், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி உட்காராமல் கீழே எழுத்தாகவும் அடித்துப் போடுங்கள். தலைப்பில் ‘மறக்க முடியுமா?’ என்று மட்டும் போட்டால் எவன் தேடி வருவான்? ஊர், வருசம், நடந்தது மூன்றும் தலைப்பில் இருக்கட்டும். மேலவளவை ஆங்கிலத்தில் தேடுகிற மாணவனுக்காக ஆங்கிலப் பெயரையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே எழுதுங்கள். தீர்ப்பு எண், தேதி, எந்த நீதிமன்றம் என்பதைச் சரிபார்த்துப் போடுங்கள். ஒரு தோழமைத் தளம் இன்னொன்றை உண்மையாகவே படித்து, மேற்கோள் காட்டி இணைப்புக் கொடுக்கட்டும். அது பண்ணை அல்ல, உறவு. விளம்பரம் வாங்கினால் விளம்பரம் என்று எழுதுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. தமிழ் நூல் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். உழைப்புக்கு வழி மெதுவாகத்தான் திறக்கும். திறந்தால் மூடாது.

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு இந்தப் பண்ணைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். வயிற்றுப்பாடு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வாதவூரார் கதையின் மிச்சத்தையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நரி ஓடியபின் வைகையில் வெள்ளம் வந்தது. கரையடைக்க வீட்டுக்கொரு ஆள் வரவேண்டும் என்று உத்தரவு. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு கிழவி வந்திக்காக மண் சுமக்க வந்தவன் முதுகில்தான் பிரம்படி விழுந்தது. அந்த ஒருமுறை கூலிக்காரன் கடவுளாக இருந்ததால் அடி ராசா முதுகிலும் விழுந்தது. நம் முதுகில் விழும் அடி அப்படி யார் முதுகுக்கும் போவதில்லை. போலி எண் பிடிபடும்போது முதலாளி தப்பிவிடுவான். எழுதிக் கொடுத்தவன் பெயரும் வங்கிக் கணக்கும்தான் காவல் நிலையத்தில் இருக்கும்.

நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் கட்டிய வரிசைகளை உடைப்பதற்காக வந்தவர்கள் நாம். வரிசையில் திருட்டுத்தனமாக முன்னால் போய் நிற்பதற்கு வரவில்லை. பத்தாவது பக்கத்தில் கிடந்தாலும் நம் பக்கம் பகலிலும் ராத்திரியிலும் ஒரே பக்கமாக இருக்கட்டும். தேடி வருகிற ஒருத்தனை, ‘இவனுக சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று இன்னும் நாலு பேரிடம் சொல்ல வைப்போம். அந்த நாலு ஓட்டை எவனும் விலைக்கு வாங்க முடியாது.