தொழிற்கல்வியும் திரைவழிப் பாடமும்

கல்வி என்பது கண்ணானும் செவியானும் மட்டும் கொள்ளப்படுவதன்று, கையானும் கொள்ளப்படுவதாகும். இவ்வுண்மையை எமக்கு நாடோறும் நினைவூட்டுவது எம் ஊராகிய செஞ்சியின் கோட்டை. குன்றுகளை இணைத்து நிற்கும் மதிலையும், கலியாண மகாலின் அடுக்குமாடத்தையும், பெரிய களஞ்சியத்தையும் எடுப்பித்த அரசர் பெயர்களை வரலாறு பேசும். கல்லை நூல்பிடித்து அடுக்கிய கைகளுக்கு உரியவர் பெயரை எவரும் அறியார். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக, அஃது உலக மரபுச் சின்னமென அறிவிக்கப்பட்டபொழுது ஊரார் உவந்தனர். அவ்வுவகையினூடே, இன்று கைத்தொழில் பயிலும் எம் ஊர் இளைஞரை எண்ணியவர் சிலரே. அவர் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் முதலிய பிரிவுகளிற் பயில்வோர் பலர்க்கு இக்காலத்தே பாடம் ஓரிடத்தில் மட்டும் நடைபெறுவதில்லை. ஒருபகுதி நிலையத்தில், ஒருபகுதி தொழிற்சாலையில், ஒருபகுதி கைபேசித் திரையில். 2016ஆம் ஆண்டிற் புகுத்தப்பெற்ற இரட்டைமுறைப் பயிற்சியின்படி, ஈராண்டுப் பிரிவில் உள்ளார் ஆறு முதற் பன்னிரண்டு திங்கள்வரை தொழிற்சாலையிற் பயிலலாம். 2019ஆம் ஆண்டு முதல் ‘பாரத் ஸ்கில்ஸ்’ என்னும் இணையத்தளம் பாடங்களைத் திரையில் வழங்கிவருகின்றது. ஜெர்மானியரும் தொழிற்சாலை, பள்ளி என்னும் ஈரிடத்தும் பயிற்றும் முறையை 1969ஆம் ஆண்டிற் சட்டமாக்கிப் பெரும்பயன் கண்டனர். ஆகலின் கலப்புமுறையை யாம் வெறுப்பவரல்லேம். எனினும், எப்பகுதி திரைக்குரியது, எப்பகுதி கைக்குரியது, மாணாக்கர் வருகை எங்ஙனம் கணிக்கப்படும் என்பனவற்றை வரையறுக்கும் விதிகள் பயில்வாரின் நிலையறிந்து அமைதல் வேண்டும். அமையாவிடின் நன்மையும் தீமையாய் முடியும்.

யாம் கண்டறிந்ததொன்று கூறுவாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கொள்ளைநோயாற் கல்விச்சாலைகள் அடைக்கப்பெற்றபொழுது, எம் தமையனார் பொருத்துநர் பிரிவிற் பயின்றுகொண்டிருந்தார். வீட்டிற் கைபேசி ஒன்றே. அதுவும் பகலில் தந்தையாருடன் வெளியே சென்றுவிடும். பள்ளிச் சிறுவராகிய எமக்குக் கல்வித் தொலைக்காட்சி துணைநின்றது. அவர்க்கோ அத்துணையும் இல்லை. குறித்த நேரத்தில் திரையில் முகங்காட்டாதார் வாராதாராகவே குறிக்கப்பெற்றனர். இரவில் கைபேசி வீடு திரும்பியபின், அரம் பிடிக்கும் முறையைக் காட்டும் பாடத்தைப் பன்முறை பார்ப்பார். நிற்கும் நிலை, கைவைக்கும் இடம், அழுத்தும் அளவு யாவும் அவர்க்கு மனப்பாடம்.

பட்டறை திறந்த அன்று இரும்புத்துண்டொன்றை வைஸில் இறுக்கி அராவினார். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்திற் பார்த்தபொழுது, நடுவிடம் மேடிட்டு ஓரங்கள் தேய்ந்திருக்கக் கண்டார். அரம் ஊசலாடாது நேரே செல்லவேண்டும் என்பதை அவர் அறிவார். அவர் கை அறிந்திலது. பல நாள் அராவிய பின்னரே கை அதனைக் கற்றது. “பார்த்தது வேறு, பழகியது வேறு, தம்பி” என்று அவர் அந்நாளிற் கூறிய சொல் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இனி, விதிகள் எங்ஙனம் அமைதல் வேண்டும் என்று ஆராய்வாம். 2022ஆம் ஆண்டிற் திருத்தியமைக்கப்பெற்ற பாடத்திட்டம், ஓராண்டுக்குரிய 1200 மணியுள் 840 மணியைச் செய்முறைக்கும், 240 மணியைத் தொழிலறிவுக்கும், 120 மணியை வேலைத்திறனுக்கும் பகுத்துள்ளது. பத்தில் ஏழு பங்கு கைக்கே உரியதாயிற்று. ஆதலின் முதல் விதி இதுவாதல் வேண்டும்: அவ் 840 மணியுள் ஒரு மணியும் திரையால் ஈடுசெய்யப்படலாகாது. எஞ்சிய பாடங்களுக்குத் திரை நற்றுணையே. எந்திரத்தின் உள்ளுறுப்புகள் இயங்குமாற்றைக் கரும்பலகையினும் தெளிவாக அது காட்டும். விளங்காததை மீட்டும் மீட்டும் பார்க்கலாம்.

இரண்டாவது, வருகைக் கணக்கு. நூற்றுக்கு 80 பங்கு வருகையில்லார் தேர்வெழுதல் இயலாது. அத்துணை முதன்மையுடைய கணக்கினை, ஒரு நொடியில் அறுந்துபோகும் அலைத்தொடர்பின்மேல் நிறுத்துதல் முறையோ? ஓரறை வீட்டில் வாழும் மாணவி தன் குடும்பத்தார் அனைவரும் தோன்றத் திரையைத் திறக்க நாணுவாளாயின், அவள் பாடங் கேட்டிலள் எனல் தகுமோ? பாடத்தைப் பதிந்துகொண்டு ஒரு வாரத்துள் கேட்டு, அதன் இறுதியிலுள்ள வினாக்களுக்கு விடையளிப்பாரை வந்தாராகவே கொள்ளல் வேண்டும். கைபேசியில்லார்க்கு அப்பாடமே அச்சிட்ட தாளாகவும் கிடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலையிற் பயில்வாரின் நேரம். எட்டு மணிநேரம் நின்று உழைத்து, பேருந்தேறி வீடு சேர்ந்தவனை இரவிற் பாடங் கேட்கப் பணித்தல் அவன் உடலுக்கும் கேடு, பாடத்துக்கும் கேடு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் பாடங் கேட்கச் செலவிடும் நேரத்தை ஊதியமுள்ள வேலைநேரத்தின் பகுதியாகவே கொள்கின்றது. அந்நீதி திரைவழிப் பாடத்துக்கும், தொழிற்சாலையிற் பயிலும் எல்லா மாணாக்கர்க்கும் உரித்தாதல் வேண்டும்.

“விதியைத் தளர்த்தினாற் சோம்பர் பெருகுவர்” என்பார் உளர். அவர் அச்சம் முழுதும் பொய்யன்று. திரையைத் திறந்துவைத்து உறங்கினாரை யாமும் அறிவோம். ஆயின், அவரைக் காட்டிக்கொடாதது முகங்காட்டும் விதியன்றோ? உறங்குவானுக்கு வருகை தந்து, உண்மையிற் கற்றானுக்கு மறுத்தது அவ்விதியே. வினாவுக்கு விடை கேட்கும் விதியோ உறங்கியவனை எளிதிற் காட்டிவிடும். யாம் வேண்டுவது தளர்வன்று, நேர்மை.

இங்ஙனம் கூறுங்கால், இலக்கியம் பயிலும் எமக்கு இதனால் என்னை என்று வினவுவார்க்கும் விடை கூறல் கடனாம். கைத்தொழிலை இழிவென எண்ணும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. மேற்படிப்புக்கு இடங்கிடையாதார் செல்லுமிடம் என்றே தொழிற்பயிற்சி நிலையத்தைப் பேசுவார் பலர். நம் மிஷன் முன்னோர் அவ்வாறு எண்ணிற்றிலர். நாசரேத்தில் 1878ஆம் ஆண்டிலேயே கானன் மார்காசிஸ் ஐயர் தொழிற்பள்ளி நிறுவினார். நம் ஆண்டவர் தச்சர். திருத்தூதர் பவுல் கூடாரந் தைத்து உண்டவர். இவற்றை ஆலயத்திற் கேட்டுத் தலையசைத்து, வெளியே வந்து பட்டறைப் பையனைத் தாழ்வாக நோக்குதல் நமக்கு அழகன்று.

அன்றியும், தமிழ்பயிலும் நமக்குத் தனிக்கடன் ஒன்றுண்டு. திரைப்பாடங்களுட் பல ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளன. தமிழிலுள்ளனவற்றுட் சில, பட்டறையில் வழங்காத சொற்களாற் பயில்வாரை மருட்டுகின்றன. அரம், உளி, துரப்பணம், மூலைமட்டம் என்று பட்டறை வழங்குஞ் சொல்லையும், வைஸ் என்று அது ஏற்றுக்கொண்ட சொல்லையும் தொகுத்து, எளிய நடையிற் பாடங்களைத் தமிழாக்குதல் நம்மால் இயலாததோ? விடுமுறையில் ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொள்ளினும் பலர்க்கு வழி திறக்கும். நண்பர்காள்! ஆசிரியப் பெருமக்காள்! இதனைக் கருதுமின்.

இராசகிரியின் படத்தைக் கைபேசியிற் கண்டவன் அதன் உச்சியேறியவன் ஆகான். ஆயினும், வழியறியாது படியேறுவானுக்குப் படமும் உதவும். திரை வழிகாட்டுக, கை படியேறுக. ஏறுவானை இடைவழியில் தடுக்கும் விதி மட்டும் வேண்டா.